கியர் இல்லாத வண்டி

அதைத்தானே பாத்துக்கிட்டே படியேறுனீங்க? கேட்டுக்கு உள்ள தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்குதே, அது காருதானுங்க. நீங்களா வாயத் தொறந்து கேக்க மாட்டீங்க. பொண்ணப் பெத்தவரு, சங்கடப்படுவீங்க. நானே சொல்லிடறேன். இப்படி ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க. காப்பி வருது.

ராசிபுரத்துலருந்து பஸ் ஏறி இம்புட்டுத் தூரம் சேலம் வந்திருக்கீங்க. ரெண்டாந்தாரமாப் பொண்ணக் குடுக்கறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை விசாரிக்கணும். அது முறைதானுங்க. வெளியவும் விசாரிச்சிருப்பீங்க, அவனவன் ஒண்ணொண்ணு சொல்லியிருப்பான். மாமனாரு சரியில்லன்னு எவனாச்சும் சொன்னானா? சொல்லாம இருக்க மாட்டானுங்க. எங்கிட்டயே கேட்டுக்கங்க. என் பையன் தனசேகரு மேல ஒரு குத்தமும் கெடையாது. பேங்கு வேலை. பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணும் இல்ல. நான் நில்லுன்னா நிப்பான், உக்காருன்னா உக்காருவான். மொதல்ல கட்டுனவ போனதுக்குக் காரணம் அந்தக் காரு. அவன் இல்ல, நானும் இல்ல.

சுவத்துல அந்தப் போட்டோவப் பாருங்க. மாலையோட நிக்கறது நான்தான். முப்பது வருசத்துக்கு மேல சர்க்கார் பஸ் ஓட்டுனவன். பாதி சர்வீசு ஏற்காடு மலையில. ஒரு கோழி மேல கூட ஏத்துனதில்லைங்க. விபத்தில்லா ஓட்டுநர்னு மேடைக்குக் கூப்புட்டு மெடல் போட்டாங்க. அங்கமுத்து ஸ்டீரிங்கப் புடிச்சா பாசஞ்சர் நிம்மதியாத் தூங்கலாம்னு டிப்போவுலயே சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. பின்னால நடந்தது உங்களுக்கு வெளங்கணும்னா இது தெரிஞ்சிருக்கணும்.

அந்தப் புள்ள பேரு சிந்துஜா. ஆத்தூரு. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவ. அவங்கப்பாரு ஜவ்வரிசி ஆலையில வேலை. காரு வேணும்னு நான் வாய் விட்டுக் கேக்கலிங்க. அந்தப் பழக்கமே எங்கிட்டக் கெடையாது. பையனுக்கு ஆபீஸ் ரொம்பத் தூரம், வெயில்ல கறுத்துப் போறான்னு மட்டும் சொன்னேன். மனுசன் புரிஞ்சுக்கிட்டாரு. என்ன வண்டின்னு பாத்து எடுத்தது அந்தப் புள்ள. நமக்குச் சொல்லவே இல்ல. வந்து வாசல்ல நிக்குது, பாத்தா கியரே இல்ல.

ஆட்டோமேட்டிக்குங்க. அதுலயும் சி.வி.டி.ன்னு ஒரு தினுசு.

எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி மொத மொதல்ல நான்தான் எடுத்தேன். வேற யாரு எடுப்பா? உக்காந்ததும் எடது காலு கிளச்சத் தேடுது. இல்ல. எடது கை கியரத் தேடுது. ஒரு ராடு நட்டு வெச்சிருக்கான். முன்னால போறதுக்கு ஒரு எழுத்து, பின்னால போறதுக்கு ஒரு எழுத்து, நியூட்ரலு, பார்க்கிங்கு. ஒருக்காப் போட்டுட்டா அப்புறம் கைக்கும் சோலி இல்ல, காலுக்கும் சோலி இல்ல. பாதி ஒடம்புக்கு மறுக்கா ரிட்டையர்மென்ட் குடுத்த மாதிரி இருந்துச்சுங்க. அவமானமாப் போச்சு.

அதுகூடப் பரவால்ல. சத்தம் இருக்குது பாருங்க. பஸ்ஸுக்காரன் பாதிக் கண்ணாலயும் பாதிக் காதாலயும்தான் ஓட்டுவான். எஞ்சின் கத்தும், அடுத்த கியரத் தட்டுவோம், கத்தல் எறங்கும், மறுபடி ஏறும். இந்தக் காரு மிதிச்சதும் ஒரே சுதியில கத்த ஆரம்பிக்குது. கத்திக்கிட்டே இருக்குது, மாறவே மாட்டேங்குது. முள்ளப் பாத்தா நாப்பது, அம்பது, அறுவதுன்னு அது பாட்டுக்கு ஏறுது. கிளச்சு தேஞ்சு வழுக்கற வண்டியிலதானுங்க இப்படிக் கேக்கும். வீட்டு முன்னால நிறுத்திட்டு, அத்தனை பேரு முன்னாடியும், வண்டி கோளாறு, உங்கப்பன ஏமாத்தித் தலையில கட்டிட்டானுங்கன்னு சொன்னேன்.

அந்தப் புள்ள சிரிச்சுது. கேலிச் சிரிப்பு இல்லைன்னு எஞ்சம்சாரம் சொல்லுவா. எனக்கென்னமோ அது சிரிச்சது மட்டும்தான் தெரிஞ்சுது.

அப்புறம் உள்ள வந்து, இதே ஹால்ல, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே அந்த எடத்துல, தரையில உக்காந்து பேப்பரக் கிழிச்சு நாலு பொட்டலம் சுத்துது. கடலை மடிப்பாங்களே அந்த மாதிரி. ரெண்டு பொட்டலத்த மூக்கும் மூக்கும் பாத்த மாதிரி வெச்சுது. இது முன் புல்லிங்க மாமா, எஞ்சின்லருந்து சுத்தி வருதுன்னுது. அதே மாதிரி இன்னொரு ஜோடி. இது பின் புல்லி, சக்கரத்துக்குப் போகுதுன்னுது. ரெண்டுக்கும் நடுவுல தலையில கட்டற ரிப்பனப் போட்டு, இதுதான் பெல்ட்டுன்னு சொல்லுச்சு.

கேளுங்க, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கட்டும். பொட்டலம் ரெண்டும் தள்ளிப் போனா பெல்ட்டு நடுப்பள்ளத்துல எறங்கிக்குது, சின்ன வட்டமாச் சுத்துது. நெருங்கி வந்தா பெல்ட்டு விளிம்புக்கு ஏறுது, பெரிய வட்டம். வண்டி கெளம்பறப்ப முன் புல்லி விரிஞ்சு நிக்கும், பின் புல்லி நெருங்கி நிக்கும். நம்ம மொத கியர் மாதிரி, இழுவை ஜாஸ்தி. வேகம் ஏற ஏற முன்னது நெருங்குது, பின்னது விரியுது. கடைசியில தலைகீழா ஆயிடுது, அது டாப்பு கியரு. நடுவுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு படி கெடையாது. எங்க வேணா நிக்கும். எஞ்சினுக்கு எந்தச் சுத்து தோதோ அதுலயே அத நிறுத்தி வெச்சுட்டு, புல்லி மட்டும் நகுந்து நகுந்து வேகத்த ஏத்திக்கும். அதனாலதான் சத்தம் மாறாம இருக்குது மாமா, கோளாறு இல்லைன்னுது.

பல்லு? நான் கேட்டேன். கியர்னா பல்லோட பல்லு மாட்டணும்ல?

வேகத்த மாத்தற எடத்துல பல்லே இல்ல மாமா. பெல்ட்டு ரப்பர் இல்ல, எஃகு. நூத்துக்கணக்கான சின்னச் சின்ன எஃகுத் துண்டக் கோத்தது. ரெண்டு பக்கமும் புல்லி அழுத்திப் புடிக்குதுல்ல, அந்தப் பிடிதான் எல்லாம். பிடி போனா வண்டி போச்சு. அதனால இதுக்குள்ள ஊத்தற எண்ணெய் தனி. தேயாமலும் பாத்துக்கணும், வழுக்காமலும் புடிக்க வைக்கணும். வேற எண்ணெய் ஒரு சொட்டு ஆகாது. இப்படிப் பாடம் நடத்துச்சு.

நல்லாத்தான் சொல்லுச்சுங்க. இப்ப நான் உங்களுக்குச் சொல்றேன்ல, அவ்வளவும் அது சொன்னதுதான், ஒரு வார்த்தை மறக்கல. ஆனா பாருங்க, முப்பது வருசம் வண்டி ஓட்டுனவனுக்குத் தரையில உக்காத்தி வெச்சுப் பொட்டலம் மடிச்சுக் காட்டறதா? நான் எந்திரிச்சு, கடலை விக்கறதுன்னா சொல்லு, தள்ளுவண்டி வாங்கித் தர்றேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. தனசேகரும் சிரிச்சான். அன்னைலருந்து அதுக்குக் கடலைக்காரின்னே பேரு வெச்சுட்டேன். கடலைக்காரி தண்ணி கொண்டா, கடலைக்காரி சோத்தப் போடு. எல்லாம் விளையாட்டுக்குத்தான். தீபாவளிக்கு அவங்கப்பாரு வந்திருந்தப்பவும் கூப்புட்டேன். அந்த மனுசனுக்கு விளையாட்டு புரியாது, தலையக் குனிஞ்சுக்கிட்டு இலையப் பாத்துட்டு உக்காந்திருந்தாரு.

உங்களுக்கு விளையாட்டு புரியும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

அந்தப் புள்ள சும்மா இருக்கலிங்க. பரீச்சை எழுதுச்சு. என்ன வேலைக்கு? மோட்டார் வாகன ஆய்வாளரு. லைசென்ஸ் குடுக்கறது, வண்டியச் சோதனை போடறது, எங்க பாஷையில பிரேக் இன்ஸ்பெக்டரு. நாங்க டூட்டியில இருந்தப்ப பிரேக் இன்ஸ்பெக்டரு ஜீப்பு தூரத்துல தெரிஞ்சாலே சட்டைப் பொத்தானப் போடுவோம். அந்த வேலைக்குப் பாஸாயிருச்சுன்னு பேப்பர்ல நம்பரு வந்துச்சு. எல்லாருக்கும் சாக்லேட்டு குடுத்துட்டு எங்கால்ல வந்து விழுந்துச்சு. ஆசீர்வாதம் பண்ணுனேன், பண்ணாம என்ன. சாயங்காலம் டிப்போக்காரனுங்க ரெண்டு பேரு வந்தானுங்க. அங்கமுத்து, இனிமே உன்னைய எட்டுப் போடச் சொல்றது உன் மருமகதான்டான்னு சொல்லிச் சிரிச்சானுங்க. எனக்கு ராத்திரிச் சோறு எறங்கல. மறுநாள் கார் சாவிய எடுத்து என் இடுப்புல சொருகிக்கிட்டேன். வண்டி யாருக்கு வேணும்னாலும் எங்கிட்டக் கேக்கணும்னுட்டேன்.

சாவி கையில வந்ததும் மொதல்ல என்ன பண்ணுனேன்னா, அந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணலாம்னு எங்க டிப்போ மெக்கானிக்கு குப்புராஜுகிட்டக் கொண்டு போனேன். ரிட்டையர்டு ஆளு, பஸ்ஸு எஞ்சின அக்கக்கா கழட்டி மாட்டுவான். கேட்டுட்டு, அண்ணே, வழுக்குதுண்ணேன்னான். அதத்தானே நானும் சொல்றேன். உள்ள இருந்த எண்ணெய எறக்கிட்டு, ஆட்டோமேட்டிக்குன்னா செவப்பு எண்ணெய்தான்னு வேற வண்டிக்கு ஊத்தற எண்ணெய ஊத்துனான். எண்ணெயில என்னங்க சாதி? வழுக்கறதுக்குத்தான் எண்ணெய். எண்ணெய் புடிக்கும்னு ஒரு புள்ள சொன்னா அத நாம நம்பணுமா?

கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் கெளம்பறப்ப ஒரு உதறு உதறும். மேட்டுல ஏறுனா கருகுன வாடை. ஒரு நா காலையில அந்தப் புள்ள வாசல் கூட்டிட்டு இருந்தது, காருக்குக் கீழ சொட்டியிருந்தத வெரல்ல தொட்டு மோந்து பாத்துச்சு. மாமா, எண்ணெய் மாத்துனீங்களான்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். இது செவப்பா இருக்குது மாமா, இதுல இருக்கக் கூடாது, பெல்ட்டு வழுக்கும், புல்லியத் தின்னுரும். பிளைன்ல போறப்பத் தெரியாது, மேட்டுல கைய விட்டுரும். தயவு செஞ்சு மலைக்கு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்கன்னு சொல்லுச்சு. கண்ணுல தண்ணி வேற.

எம்மலைக்கு என்னையப் போகாதங்கறா பாத்தீங்களா.

அடுத்த மாசம் எங்க பங்காளி வீட்டுக் கொழந்தைக்கு ஏற்காட்டுல காது குத்து. பஸ்ல போயிரலாம் மாமான்னுது. வாழ்நாள் பூராம் பஸ்ஸுல போனவன், காரு வாசல்ல நிக்கறப்ப பஸ்ஸுல போயி எறங்குனா ஒரு பய மதிப்பானா? அப்படின்னா நான் ஓட்டறேன், நிறுத்தி நிறுத்தி ஆற வெச்சு ஏத்தறேன்னு கேட்டுச்சு. நீ பக்கத்துல உக்காரு, கண்டக்டர் வேலை பாரு, வளைவு வந்தா விசில் ஊதுன்னேன். தனசேகரும் எஞ்சம்சாரமும் பின்னாடி. அது முன்னாடி எம்பக்கத்துல. வழி நெடுகக் கைய மட்டும் கைப்பிரேக்கு மேலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. எனக்கு அதப் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பாதி மலை ஏறியாச்சு. ஒரு கொண்டை ஊசி வளைவுல மேலருந்து பஸ்ஸு எறங்குது. ஏர்ற வண்டிக்குத்தான் வழி விடணும், அது மலைச் சட்டம். ஆனா நம்ம பஸ்ஸு. டிரைவரு பழனிவேலு, எனக்கு அப்புறம் டூட்டிக்கு வந்தவன். என்னைய அடையாளம் கண்டு கையத் தூக்குனான். நானும் நிறுத்திட்டுக் கையத் தூக்குனேன். பெருமையாத்தான் இருந்துச்சு. பஸ்ஸு எறங்கிப் போச்சு. நான் மிதிக்கறேன். எஞ்சின் கத்துது, கத்துது, வண்டி நகரல. இன்னும் மிதிச்சேன். கத்தல் எகிறுது, வண்டி பின்னால போகுது.

இப்ப பஸ்ஸா இருந்தா என்ன பண்ணுவோம்? கிளச்ச மிதிச்சு, நியூட்ரலுக்கு வந்து, மறுபடி மொத கியரப் போட்டுத் தூக்குவோம். கண்ணிமைக்கற நேரம் ஆகாது. காலும் கையும் அதைத்தானுங்க பண்ணுச்சு. எடது காலு கிளச்சு இருக்கற எடத்த மிதிச்சுது. அங்க வெறுந்தரை. கை ராடத் தட்டி நியூட்ரலுக்குத் தள்ளிருச்சு. அரைகுறையா இருந்த பிடியும் போயி வண்டி உருண்டுது. பிரேக்க மிதிங்க மாமா, பிரேக்குன்னு அது கத்துனது காதுல விழுந்துச்சு. அதுக்குள்ள அதுவே கைப்பிரேக்க இழுத்துருச்சு. வண்டி நின்னுது. நின்னுது, ஆனா பின்னால தடுப்புச் செவுத்தோரமா பேரிக்காய்க் கூடை வெச்சு ஒருத்தி உக்காந்திருந்தா. அவ காலு பம்பருக்கும் செவுத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.

காலு போச்சுங்க, முட்டிக்குக் கீழ. உசுருக்கு ஒண்ணும் இல்ல. உக்காந்துதானே வியாபாரம் பண்றா, அவளுக்குக் காலு இருந்தா என்ன, இல்லைன்னா என்னன்னு எஞ்சம்சாரத்துகிட்டக் கூடச் சொன்னேன். எல்லாம் அவங்கவங்க கெரகம்.

சத்தம் கேட்டு பஸ்ஸ ஓரங்கட்டிட்டு பழனிவேலு ஓடியாந்தான். அண்ணே, நீங்களா ஓட்டுனீங்கன்னு கேட்டான். கேட்டானா இல்லையா, பஸ்ஸுல இருந்த ஜனமெல்லாம் என் மூஞ்சியவே பாக்குது. நான் அப்ப வண்டியவிட்டு எறங்கி நின்னுட்டேன். ஓட்டுனது மருமகதாம்ப்பான்னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு. பழனிவேலு என்னையப் பாத்தான், அந்தப் புள்ளையப் பாத்தான். இப்பத்தான் எனக்குக் கையத் தூக்கிட்டுப் போனவன். தொழில்காரன தொழில்காரன் காட்டிக் குடுக்க மாட்டான்.

அந்தப் புள்ள எறங்கிப் போயி, பேரிக்காய்க்காரிகிட்ட உக்காந்து துப்பட்டாவக் கிழிச்சுக் காலக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் சொன்னதக் கேட்டுட்டு நிமிந்து பாத்துச்சு. மாமா, உண்மையச் சொல்லுங்கன்னுது. ஒரே ஒருக்காத்தான் சொல்லுச்சு.

அப்பத்தான் தனசேகரு மூளைய உபயோகிச்சான். என் லைசென்ஸு தேதி முடிஞ்சு வருசக்கணக்காச்சு. புதுப்பிங்க புதுப்பிங்கன்னு அந்தப் புள்ளையும் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. எனக்கெதுக்குங்க லைசென்ஸு? மலைக்கே என்னையத் தெரியும். தனசேகரு அந்தப் புள்ளையத் தனியாக் கூட்டிட்டுப் போயி, அப்பா ஓட்டுனாருன்னா லைசென்ஸ் இல்ல, இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவான், இந்தப் பொம்பளைக்குப் பத்துப் பைசா கெடைக்காது. உனக்கு லைசென்ஸ் இருக்குது, நீ ஓட்டுனேன்னு சொன்னா அவளுக்கு நஷ்ட ஈடு வரும். உனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்னு சொன்னான். சொன்னான்ல? சொல்லி முடிச்சதும் அந்தப் புள்ள அவனையே பாத்துச்சு. அப்புறம் போலீசு வந்து கேட்டப்ப, நான்தான் ஓட்டுனேன்னுது. யாரும் கைய முறுக்கலைங்க. அதுவாச் சொல்லுச்சு.

ஒரு விதத்துல பாத்தா பொய்யும் இல்ல. கடைசியா வண்டிய நிறுத்துனது யாரு? அதுதானே. நிறுத்துன கைதானுங்க டிரைவரு கை. நான் சும்மா சீட்டுல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.

கேஸு அது பேருல ஆச்சு. பேரிக்காய்க்காரிக்குப் பணம் வந்துச்சு. நல்ல காரியம்தானே? ஆனா வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி போலீஸ் விசாரணை உண்டில்ல? அஜாக்கிரதையா வண்டி ஓட்டி ஒருத்தி காலப் போக்குன ஆளு பிரேக் இன்ஸ்பெக்டரா வர முடியுமா? வேலை நின்னு போச்சு. அது அழல. கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு நாள் படுத்திருந்துச்சு. எனக்கும் வெசனமாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் எந்திரிச்சு வந்து எம்முன்னாடி நின்னு, மாமா, போலீசுல சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். எங்கப்பாகிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்னு கேட்டுச்சு.

அவரும் அன்னைக்கே வந்தாரு. ஆத்தூருலருந்து பஸ்ஸுல, உங்களாட்டமே ஒரு மஞ்சப் பைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தாரு. அது அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு என் வாயவே பாக்குது. டிப்போக்காரனுங்க ரெண்டு பேரும் துக்கம் விசாரிக்கறாப்ல அந்நேரம் பாத்து வந்து உக்காந்திருக்கானுங்க. நீங்களே சொல்லுங்க, எப்படிச் சொல்றது? தலைக்கு மேல மாலையோட போட்டோ தொங்குது. நான் சொன்னேன், எல்லாம் உங்க பொண்ணு வண்டி ஓட்டுன லட்சணம்ங்க, ஒரு குடும்பத்து மானத்தையே மலையில உருட்டி விட்டுருச்சு. நீங்க வாங்கிக் குடுத்த வண்டி வேற. அப்படின்னேன்.

அந்த மனுசன் எந்திரிச்சு எங்கால்ல விழுந்தாருங்க. என்னையவிட மூத்தவரு. எம்பொண்ண மன்னிச்சுருங்க சம்பந்தின்னு அழுதாரு. சரி சரி, எந்திரிங்கன்னேன்.

அப்பத்தான் அந்தப் புள்ள உள்ள போயி ஒரு பைய எடுத்துட்டு வந்துச்சு. தனசேகரப் பாத்து, நீங்க எதாச்சும் சொல்றீங்களான்னு மட்டும் கேட்டுச்சு. அவன் டி.வி.யப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். டி.வி. ஓடல. அவங்கப்பாரு கையப் புடிச்சுத் தூக்கி, வாங்கப்பான்னு கூட்டிட்டுப் போயிருச்சு. விவாகரத்துக் கோர்ட்டுல கூட ஒரு வார்த்தை எங்க மேல சொல்லலைங்க. கேட்டுப் பாருங்க. அப்ப எங்க மேல தப்பு இல்லைன்னுதானே அர்த்தம்? தப்பு இருந்தா எந்தப் பொண்ணு சும்மா இருக்கும்?

காரு அப்படியே கெடக்குது. பெரிய வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போனேன். எண்ணெய எறக்குனான், ஜரிகை மாதிரி மின்னுது, பூராம் இரும்புத் தூளு. புல்லியில கீறல் விழுந்து பெல்ட்டு சாப்புட்டுருச்சு, கியர் பொட்டியோட மாத்தணும்னான். யாருங்க இந்த எண்ணெய ஊத்துனதுன்னு கேட்டான். எம்மருமகதான்னேன். கேஸே அது பேருல, எண்ணெய் யாரு பேருல இருந்தா என்ன?

இதையெல்லாம் எதுக்கு உங்ககிட்ட மறைக்காமச் சொல்றேன்னா, நாளைக்குச் சம்பந்தி ஆகப் போறவங்க. வெளிய சொல்லிக்காதீங்க, கேஸு முடிஞ்சாலும் பேச்சு பேச்சுதான். எம்பையன் மேல ஒரு கறையும் இல்லைன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். அப்பன் பேச்ச மீற மாட்டான். அவன் வாயத் தொறந்திருந்தா எம்பேரு என்னாயிருக்கும்? இந்தக் காலத்துல எவன் வீட்டுல இப்படி ஒரு புள்ள இருக்கான்?

உங்க பொண்ணுக்கும் முப்பத்தி மூணு முடிஞ்சிருச்சு. செவ்வாய் தோசம். நிறமும் கொஞ்சம் மட்டுன்னு தரகரு சொன்னாரு. நான் அதக் குறையா எடுத்துக்கல. கீழ ரெண்டு தங்கச்சி வேற வரிசையில நிக்குதுங்க. அதுங்க வழிய இவதான அடைச்சுக்கிட்டு நிக்கறா? மனசுல பட்டதச் சொல்றேன், சுருக்குன்னு இருந்தா மன்னிச்சுக்கங்க. நாங்க தட்டப் போறதில்ல. நீங்கதான் சொல்லணும்.

காப்பியக் குடிங்க, ஆடை படியுது. என்ன இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஃபேன வேகமா வைக்கட்டுமா?

யோசிக்கறதுன்னா யோசிங்க. வீட்டுல கலந்து பேசணும்னாலும் பேசுங்க. எந்திரிச்சுப் போறதுன்னாலும் நான் கையப் புடிச்சு நிறுத்த மாட்டேன். வாசல் தொறந்துதான் இருக்குது. வேற எடத்துலயும் கேட்டிருக்காங்க, எனக்கு அவசரம் இல்ல.

என்னங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இந்த ஃபேன் சத்தத்துல கேக்கல.

அட.

இல்லைங்க, நான் என்னமோ வேற கேக்கப் போறீங்கன்னு நெனச்சேன். கியர் வண்டியா எடுத்துத் தரட்டுமான்னுதானே கேட்டீங்க? பாத்தீங்களா, நான் சொல்லல, நீங்க வெவரமான ஆளுன்னு மூஞ்சியிலயே தெரியுதுன்னேன்ல. சம்பந்திம்மா, உள்ள என்ன பண்ற, கொஞ்சம் சர்க்கரை கொண்டா. எஞ்சம்சாரத்த இனிமே நீங்க சம்பந்திம்மான்னுதான் கூப்புடணும்.

கியர் வண்டியே எடுத்துருங்க. அஞ்சு கியரு, கிளச்சு, எல்லாம் இருக்கற மாதிரி. கலரு உங்க இஷ்டம். நான் எதுவும் கேக்கறதில்ல. ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணுக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா? இல்லையா? அப்ப கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க. ஓட்டத் தெரியணும்னு இல்லைங்க. லைசென்ஸ் இருந்தாப் போதும்.